சாப்பிட்டதால் வலித்ததா, வலி வரவிருந்ததால் சாப்பிட்டோமா?

ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் தொடவே கூடாத உணவுகள் என்று ஒரு நீண்ட பட்டியல் பல ஆண்டுகளாக வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சாக்லேட், பாலாடைக்கட்டி, வாழைப்பழம், ஆரஞ்சு, ஊறுகாய், அஜினமோட்டோ சேர்த்த பண்டங்கள் என்று அது நீளும். இன்னொரு பக்கம், தலைவலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பாக இனிப்பின் மீதோ உப்புக் காரத்தின் மீதோ அடக்க முடியாத ஆசை எழுவது இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று என்று நரம்பியல் மருத்துவர்கள் விளக்குகிறார்கள். இரண்டையும் படிப்பவர் குழம்புவது இயல்பே. சாக்லேட் வலியைக் கொண்டுவருகிறதா, அல்லது வரவிருக்கும் வலிதான் சாக்லேட்டைத் தேட வைக்கிறதா?

விடை எதுவென்பதைப் பொறுத்து நோயாளியின் அன்றாட நடைமுறையே மாறும். முதலாவது சரியென்றால் அவர் உணவை விலக்க வேண்டும். இரண்டாவது சரியென்றால் அவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இதுவரை கிடைத்துள்ள சான்றுகள் பெரும்பாலும் இரண்டாவது விடையின் பக்கமே சாய்கின்றன. அது ஏன் என்பதை, வடசென்னையின் உணவையும் வேலை நேரத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எதை ஒற்றைத் தலைவலி என்கிறோம்

தலையின் ஒரு பக்கம் வலித்தாலே ஒற்றைத் தலைவலி என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. மருத்துவத்தில் மைக்ரேன் எனப்படும் இந்நோய்க்குத் துல்லியமான வரையறை இருக்கிறது. சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018-இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, மருந்து எடுக்காவிட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் தாக்குதல் குறைந்தது ஐந்து முறையாவது வந்திருக்க வேண்டும். ஒரு பக்கமாக வலித்தல், நாடி துடிப்பது போல விண்விண்ணென்று தெறித்தல், மிதமான அல்லது கடுமையான வலி, படியேறுவது போன்ற சாதாரண அசைவுகளாலும் வலி கூடுதல் ஆகிய நான்கில் இரண்டேனும் இருக்க வேண்டும். இவற்றோடு குமட்டலோ வாந்தியோ இருக்க வேண்டும். அல்லது வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து தாங்க முடியாமல் போக வேண்டும். இரு பக்கமும் வலிக்கும் மைக்ரேனும் உண்டு என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

இது அரிய நோயன்று. பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் ஆய்வாளர்கள் அந்நகரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்திருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதி.

இனி வரும் விளக்கத்துக்கு அடிப்படையான செய்தி ஒன்று உண்டு. மைக்ரேன் என்பது வலி மட்டுமன்று. அது கட்டம் கட்டமாக நகரும் ஒரு மூளை நிகழ்வு.

1. முன்னறிகுறிக் கட்டம்: வலிக்குச் சில மணி நேரம் முதல் இரண்டு நாள் முன்பு வரை தொடங்கலாம். களைப்பு, அடிக்கடி கொட்டாவி, பிடரி இறுக்கம், கவனம் சிதறுதல், எரிச்சல், தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், உணவின் மீது திடீர் ஆசை ஆகியன இதில் அடங்கும்.

2. ஆரா எனப்படும் கட்டம்: நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே வரும். கண்முன் நெளிநெளியாக ஒளிக்கோடுகள் தோன்றுவதும், கையோ முகமோ மரத்துப்போவதும் 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கும்.

3. வலிக் கட்டம்.

4. பின்கட்டம்: வலி நின்ற பிறகும் ஓரிரு நாள் வரை தொடரும் அசதியும் மந்தமும்.

ஒருவருக்கே எல்லாக் கட்டங்களும் எல்லா முறையும் வருவதில்லை. முதல் இரண்டு கட்டங்களும் வெவ்வேறானவை என்பதை லண்டன் நரம்பியல் மருத்துவர் ஜே. என். பிளாவ் 1980-இல் தெளிவாகப் பிரித்து எழுதினார். ஆயினும் முதல் கட்டத்தைப் பற்றி நோயாளிகளிடம் பலரும் கேட்பதில்லை. கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை.

வலிக்கு முன்பே தெரிந்துவிடுகிறதா?

வலி வந்த பிறகு நினைவைத் தோண்டி “நேற்றே ஒரு மாதிரி இருந்தது” என்று சொல்வது எளிது. அதற்குச் சான்று மதிப்பு குறைவு. இந்தக் குறையைத் தவிர்ப்பதற்காக, நோயாளிகளிடம் கையடக்க மின்னணு நாட்குறிப்பைக் கொடுத்து, உடலில் தெரியும் மாற்றங்களை அவ்வப்போதே பதியச் செய்த ஆய்வு 2003-இல் வெளியானது. எழுதியதைப் பின்னர் திருத்த முடியாதபடி அந்தக் கருவி அமைக்கப்பட்டிருந்தது. முன்னறிகுறிகளை உணர்வதாகச் சொன்ன 97 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, எச்சரிக்கைக் குறிகளைப் பதிந்த நேரங்களில் 72 விழுக்காட்டில் அடுத்த 72 மணி நேரத்துக்குள் தலைவலி வந்திருந்தது. களைப்பு, கவனக் குறைவு, பிடரி இறுக்கம் ஆகியவையே முன்னணியில் நின்றன. உணவு ஆசை அவ்வளவு பேருக்கு வருவதில்லை. ஆனால் வருபவருக்கு அது தெளிவாகத் தெரியும் குறி. களைப்பைக் கவனிக்காமல் விடுபவர்கூட, வழக்கமில்லாத நேரத்தில் ஜிலேபிக்கு நாக்கு ஊறுவதைக் கவனித்துவிடுவார்.

ஆசை எங்கிருந்து வருகிறது

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. எடை ஏறத்தாழ 4 கிராம்தான். பசி, தாகம், உறக்கம், உடல் வெப்பம், ஹார்மோன் சுரப்பு ஆகியவற்றை இதுவே ஒழுங்குபடுத்துகிறது. முன்னறிகுறிகளின் பட்டியலை இந்த வேலைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: தாகம், சிறுநீர், உறக்கச் சோர்வு, உணவு ஆசை என்று வரிசையாகப் பொருந்தும்.

பொருத்தம் மட்டும் சான்றாகிவிடாது. நேரடிச் சான்றுகள் மூளைப் படங்களிலிருந்து வந்தன. 2014-இல் வெளியான ஒரு ஆய்வில், மருந்து கொடுத்துத் தாக்குதலைத் தூண்டி, வலி தொடங்கும் முன்பே பெட் ஸ்கேன் எடுத்தார்கள்; ஹைப்போதலாமஸில் இரத்த ஓட்டம் கூடியிருந்தது. 2016-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள், மைக்ரேன் உள்ள ஒரே ஒருவரை 30 நாள் தொடர்ந்து நாள்தோறும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்துப் படமெடுத்தார்கள். அவருக்கு இயல்பாக வந்த தாக்குதல்களில், வலிக்கு முந்தைய 24 மணி நேரத்திலேயே ஹைப்போதலாமஸின் செயல்பாடு மாறியிருந்தது. அந்தப் பகுதிக்கும் முகம், தலை வலியைக் கடத்தும் மூளைத்தண்டுப் பகுதிக்கும் இடையிலான இணைப்பும் மாறியிருந்தது. ஒருவரை மட்டும் வைத்து உலகுக்கே முடிவு சொல்ல முடியாது. எனினும் பின்னர் மேலும் சிலரிடம் இதே முறையில் எடுத்த படங்களும் இதே திசையையே காட்டின.

ஆக, தாக்குதல் தொடங்கிவிட்டது. வலி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில்தான் நாக்கு எதையோ தேடுகிறது.

ஏன் குறிப்பாக இனிப்பும் மாவுப் பண்டமும்? இதற்கு இரண்டு கருதுகோள்கள் உள்ளன. பசியைத் தூண்டும் மூளைச் செய்தி வேதிப்பொருள்களின் அளவு அந்நேரத்தில் மாறுவது காரணமாக இருக்கலாம் என்பது ஒன்று. மைக்ரேன் உள்ளவரின் மூளை ஆற்றல் பற்றாக்குறையை எளிதில் உணர்கிறது, அதை ஈடுகட்டவே குளுகோஸைக் கேட்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் முழுமையாக நிறுவப்பட்டவையல்ல. இரண்டாவது கருதுகோளில் எனக்கு ஈர்ப்பு அதிகம். பட்டினி கிடந்தால் மைக்ரேன் வருவது நன்கு அறியப்பட்ட உண்மை. அதோடு இக்கருதுகோள் இயல்பாக இணைகிறது.

காரணம் போலத் தெரியும் அறிகுறி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனைப் பணியில் இருக்கும் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பிற்பகல் 3 மணி. துணியைப் பிரித்துக் காட்டும்போதே கொட்டாவி வருகிறது. பிடரி இழுக்கிறது. குழல்விளக்கின் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. 5 மணியளவில் புளிப்பும் காரமுமாக ஏதாவது சாப்பிட்டே தீர வேண்டும் என்ற தவிப்பு. கடை மூடி 9 மணிக்கு வெளியே வந்ததும் அத்தோ கடையில் நிற்கிறார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு அது: செம்மஞ்சள் நிற நூடுல்ஸ், துருவிய முட்டைக்கோஸ், மொறுமொறுப்பாக வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள், பக்கத்தில் வாழைத்தண்டு சூப். 11 மணிக்கு வலது பொட்டில் வலி தொடங்குகிறது. நள்ளிரவு தாண்டி வாந்தி. வாந்தியில் நூடுல்ஸ் அப்படியே வருகிறது.

வீட்டில் தீர்ப்பு உடனே கிடைத்துவிடும்: “வாயக் கட்டத் தெரிஞ்சா தலை ஏன் வலிக்கப் போவுது?”

இந்தத் தீர்ப்பில் மூன்று பிழைகள் கலந்திருக்கின்றன.

1. தொடக்கத்தைத் தவறாகக் குறித்தல். தாக்குதல் 9 மணிக்குத் தொடங்கவில்லை. 3 மணிக்கு வந்த கொட்டாவியும் கூச்சமுமே அதன் தொடக்கம். எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் மழை வரும் என்று நம் ஊரில் சொல்வார்கள். எறும்புதான் மழையைக் கொண்டுவந்தது என்று யாரும் சொல்வதில்லை.

2. வாந்தியைத் தவறாகப் படித்தல். மைக்ரேன் தாக்குதலின்போது இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடும். உண்டது குடலுக்கு இறங்காமல் தங்கிவிடுகிறது. எனவே பல மணி நேரம் கழித்தும் உணவு செரிக்காமல் வெளியே வருகிறது. அதைப் பார்ப்பவர், செரிக்காத உணவே வலிக்குக் காரணம் என்று எண்ணுகிறார். பித்தம் ஏறிவிட்டது என்ற விளக்கமும் கடைசியில் வரும் மஞ்சள் நீரைப் பார்த்தே எழுகிறது. உண்மையில் செரிமானம் நின்றது தாக்குதலின் விளைவு. விழுங்கிய மாத்திரை அந்நேரத்தில் சரியாக வேலை செய்யாமல் போவதற்கும் இதுவே ஒரு காரணம். வாந்தியைக் கட்டுப்படுத்தி இரைப்பையை இயங்கவைக்கும் மருந்தை மருத்துவர்கள் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான்.

3. நினைவின் ஓரவஞ்சனை. அத்தோ சாப்பிட்டு வலித்த நாள் நினைவில் நிற்கும். சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பத்து நாள் நினைவில் நிற்காது.

மூன்றாவது பிழையை எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பின்வருவது விளக்கத்துக்காக நானே அமைத்த கணக்கு. ஒருவர் 30 நாள்களில் 12 நாள் இனிப்புச் சாப்பிட்டார்; அவற்றில் 3 நாள் தலைவலி வந்தது. சாப்பிடாத 18 நாள்களில் 1 நாள் மட்டும் வலித்தது. 12-க்கு 3, 18-க்கு 1 என்று பார்த்தால், இனிப்பே குற்றவாளி என்று தோன்றும். இப்போது அந்த 30 நாள்களை, வழக்கத்துக்கு மாறான ஆசை எழுந்த நாள், எழாத நாள் என்று பிரியுங்கள். ஆசை எழுந்தவை 4 நாள்கள். மூன்றில் அவர் இனிப்பைச் சாப்பிட்டார், வலித்தது. ஒன்றில் பல்லைக் கடித்துக்கொண்டு தவிர்த்தார், அன்றும் வலித்தது. ஆசை எழாமல், விருந்திலோ கோயிலிலோ கொடுத்ததை வாங்கி இனிப்புச் சாப்பிட்ட 9 நாள்களில் ஒருமுறைகூட வலிக்கவில்லை. எண்கள் அவையேதான், பிரித்த முறை மாறியதும் முடிவு தலைகீழாகிவிட்டது. உண்மையான வாழ்க்கையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக அமையாது. ஆனால் ஆசையைத் தனியே குறிக்காத எந்த உணவுக் கணக்கும் ஏமாற்றிவிடும் என்பதற்கு இதுவே போதும்.

வெளிச்சத்திலும் இதே சிக்கல் உண்டு. வெயில்தான் தலைவலியைக் கிளப்புகிறது என்று சொல்பவர்களில் பலருக்கு முன்னறிகுறிக் கட்டத்திலேயே கண் கூசத் தொடங்கிவிடுகிறது. கூச்சம் வந்ததால் வெயில் உறைக்கிறது. வெயில் உறைத்ததால் அதன் மேல் பழி விழுகிறது.

சாக்லேட்டைச் சோதித்துப் பார்த்தபோது

நோயாளியும் ஆய்வாளரும் எது சாக்லேட் என்று அறியாத முறையில் நடந்த ஆய்வுகளுள் 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வு பெரிதும் பேசப்படுவது. நாட்பட்ட தலைவலி உள்ள 63 பெண்களுக்குச் சாக்லேட்டும், அதே சுவையும் தோற்றமும் வருமாறு செய்த கரோப் என்ற மரத்தின் காயை மாவாக்கிச் செய்த பண்டமும் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. சாக்லேட்டால் தலைவலி கூடுதலாக வரவில்லை. சாக்லேட்தான் தனக்குக் காரணம் என்று உறுதியாக நம்பியவர்களிடமும் முடிவு மாறவில்லை.

பாலாடைக்கட்டி மீதான ஐயம் 1967-இல் பிரிட்டிஷ் மருத்துவர் எட்டா ஹானிங்டன் முன்வைத்த டைரமைன் கருத்திலிருந்து வலுப்பெற்றது. பழுக்கவைத்த பாலாடைக்கட்டி, நொதித்த பண்டங்கள், உலர்த்திய மீன் போன்றவற்றில் உள்ள வேதிப்பொருள் அது. பிந்தைய சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாகவே முடிந்தன. அஜினமோட்டோவும் அப்படியே: உணவோடு வழக்கமான அளவில் சேரும்போது அது மைக்ரேனைத் தூண்டுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. கருவாட்டுக் குழம்பை வாழ்நாள் முழுவதும் துறக்கச் சொல்லும் அளவுக்கு இந்தச் சான்றுகளுக்கு வலு இல்லை.

மீனைப் பற்றி ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவற்றைப் பிடித்தவுடன் போதிய ஐஸில் வைக்காவிட்டால், அவற்றின் தசையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, படபடப்பு, அரிப்பு, தலைவலி எல்லாம் சேர்ந்து வரும். அதே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வரக்கூடும். இது உணவால் வந்த தலைவலியேதான்; ஆனால் மைக்ரேன் அன்று.

சான்றுள்ள தூண்டுகாரணிகள்

பட்டியல்களில் சாக்லேட்டுக்குக் கிடைக்கும் இடம், வேளைக்குச் சாப்பிடாமல் இருப்பதற்குக் கிடைப்பதில்லை. இது எனக்கு வருத்தம் தரும் முரண். காசிமேட்டில் விடியலுக்கு வெகுமுன்பே ஏலம் தொடங்கிவிடும். மீன் வாங்கித் தலைச்சுமையாகவோ ஷேர் ஆட்டோவிலோ கொண்டுபோய் விற்கும் பெண்கள், பலநாள் டீயும் பொறையும் மட்டுமே வயிற்றில் இருக்க, மீன் விற்றுத் தீர்ந்த பிறகே சோற்றைப் பார்க்கிறார்கள். உறக்கமும் குறைவு, உணவும் தாமதம். மைக்ரேன் உள்ள ஒருவருக்கு இதைவிடப் பெரிய தூண்டுதல் வேண்டியதில்லை. அவரிடம் போய் சாக்லேட் சாப்பிடாதே என்று சொல்வதில் என்ன பயன் இருக்கிறது?

நோன்புக் காலமும் இதே வரிசையில் வரும். ரமலான் மாதத்தின் முதல் சில நாள்களில் தலைவலி கூடுவது பல நாடுகளில் கவனிக்கப்பட்டிருக்கிறது. இராயபுரம், மண்ணடி பகுதிகளில் நோன்பு வைக்கும் மைக்ரேன் நோயாளிகள், விடியலுக்கு முந்தைய சஹர் உணவைத் தவறவிடாமல் இருப்பதும், நோன்பு தொடங்கும் முன்பே டீ, காபியைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்வதும், மருந்து நேரத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு மாற்றிக்கொள்வதும் உதவும். ஆடி வெள்ளிக்கும் சஷ்டிக்கும் விரதம் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

டீயிலும் காபியிலும் உள்ள காஃபினுக்கு இரட்டைக் குணம். வலி மாத்திரைகள் சிலவற்றில் அது சேர்க்கப்படுகிறது, வலியைக் குறைக்கவும் உதவுகிறது. ஆனால் நாள்தோறும் 200 மில்லிகிராமுக்கு மேல் எடுத்துவந்தவர் திடீரென நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி வரக்கூடும். 100 மில்லிகிராம் உள்ளே போனதும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். நாள்தோறும் 6 மணிக்கு முதல் டீ குடிப்பவர் ஞாயிற்றுக்கிழமை 10 மணிக்கு எழுந்து, தலை கனக்க டீக்குத் தவிப்பது இந்த வகையாக இருக்கக்கூடும். அந்தத் தவிப்பு மைக்ரேனின் முன்னறிகுறி அன்று.

மது, உறக்கம் கூடுவதும் குறைவதும், மாதவிடாயை ஒட்டிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வீழ்ச்சி ஆகியவையும் சான்றுள்ள தூண்டுகாரணிகளே. தலைக்குக் குளிப்பதும் சிலருக்குத் தூண்டுகிறது என்பதை மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 94 இந்திய நோயாளிகளை வைத்து 2006-இல் பதிவு செய்தார். நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லிவரும் ஒன்று, மருத்துவ இதழில் இடம்பெற அவ்வளவு காலம் ஆயிற்று.

எல்லா ஆசையும் ஒரே வகையன்று

உணவு ஆசை வந்தால் மைக்ரேன் வரப்போகிறது என்று பொருளாகாது. பிரித்தறிய வேண்டியவை சில உண்டு.

1. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் இனிப்புத் தேடுவது மைக்ரேன் இல்லாத பெண்களுக்கும் பொதுவானது. மாதவிடாய் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரையிலான காலத்தில் மைக்ரேனும் வரக்கூடும் என்பதால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்.

2. பச்சரிசி, ஐஸ் கட்டி, சாக்பீஸ், திருநீறு, சாம்பல் போன்றவற்றின் மீது வாரக்கணக்கில் தொடரும் ஆசை இரும்புச்சத்துக் குறைவைக் காட்டலாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும்.

3. சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவருக்கு வியர்வை, கை நடுக்கம், படபடப்போடு திடீர் பசி வந்தால் அது சர்க்கரை தாழ்வதன் குறி. உடனே இனிப்புச் சாப்பிட வேண்டும். நாட்குறிப்பை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

4. மசக்கை ஆசை தனி. ஆனால் கருவுற்றிருக்கும்போது புதிதாகத் தோன்றும் கடுமையான தலைவலியை மைக்ரேன் என்று தாமாகவே முடிவு செய்யக் கூடாது.

மைக்ரேனின் ஆசைக்கு ஓர் அடையாளம் உண்டு: அது பெரும்பாலும் தனியாக வராது. கொட்டாவி, பிடரி இறுக்கம், எரிச்சல், கூச்சம் இவற்றுள் ஒன்றிரண்டையாவது கூட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு தாக்குதலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி திரும்ப வரும்.

குறித்து வைக்கும் முறை

தனக்கு எது பொருந்தும் என்பதை அறிய செயலி எதுவும் கட்டாயமில்லை. சுவரில் தொங்கும் மாத நாள்காட்டியின் கட்டங்களே போதும்.

1. வழக்கத்துக்கு மாறான ஆசை எழுந்த கணமே ‘ஆ’ என்றும் நேரத்தையும் எழுதுங்கள். வலி வந்த பிறகு நினைத்துப் பார்த்து எழுதுவதற்கு மதிப்பில்லை.

2. அதைச் சாப்பிட்டீர்களா, தவிர்த்தீர்களா என்று குறியுங்கள்.

3. ஐயத்துக்குரிய உணவை, ஆசை இல்லாமலே சாப்பிட்ட நாள்களையும் கட்டாயம் குறியுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். கணக்கைத் தீர்மானிப்பதும் இதுதான்.

4. வலி தொடங்கிய நேரம், மாதவிடாய் நாள்கள், தவறவிட்ட வேளைச் சாப்பாடு, எடுத்த மாத்திரை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும். ஆசை இல்லாத நாள்களிலும் ஓர் உணவுக்குப் பிறகு மீண்டும் மீண்டும் வலித்தால், அந்த ஒருவருக்கு அது உண்மையான தூண்டுகாரணியாக இருக்கலாம். அதை விலக்குவது நியாயம். ஆசை எழுந்த நாள்களில் மட்டுமே வலித்தால், அந்த உணவை விடுவித்துவிடலாம்.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பள்ளி செல்லும் பிள்ளைக்குத் தலைவலி வந்தால் மிட்டாயைக் காட்டித் திட்டுவது எளிது. வளரும் வயதில் காரணமில்லாமல் உணவுகளை ஒவ்வொன்றாக வெட்டுவது, ஊட்டக் குறைவில்தான் கொண்டுபோய் விடும். பிள்ளையும் ஆசை வந்ததைச் சொல்லப் பயந்து மறைக்கும். ஆகப் பயனுள்ள எச்சரிக்கையை நாமே இழப்போம்.

ஆசை எழுந்த பிறகு செய்யக்கூடியவை

உங்கள் குறிப்பில் ஆசைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு உறுதியாகிவிட்டால், அந்தச் சில மணி நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர் குடியுங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரை பையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரவுப் பணியையோ நீண்ட பயணத்தையோ மாற்ற முடியுமென்றால் மாற்றுங்கள். ஆசைப்பட்டதைக் கொஞ்சம் சாப்பிடலாமா என்றால், சர்க்கரை நோய் போன்ற தடை இல்லாதவர் அளவோடு சாப்பிடுவதால் தாக்குதல் உருவாகிவிடுவதில்லை. சாப்பிட்டதற்காகக் குற்றவுணர்வு கொள்வதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

இந்தக் கட்டத்திலேயே மருந்து எடுத்தால் வலியைத் தடுக்க முடியுமா என்பதும் சோதிக்கப்பட்டுள்ளது. மைக்ரேன் வலியில் பெரும்பங்கு வகிக்கும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதக்கூறின் வேலையைத் தடுக்கும் உப்ரோஜெபன்ட் மருந்தை, முன்னறிகுறி தெரிந்தவுடனே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் லான்செட் இதழில் வெளியானது. மருந்து எடுத்தபோது 46 விழுக்காடும், வெற்று மாத்திரை எடுத்தபோது 29 விழுக்காடும் அடுத்த 24 மணி நேரத்தில் மிதமான அல்லது கடுமையான தலைவலி இன்றிக் கழிந்தன. தம் முன்னறிகுறிகளை நம்பகமாக அடையாளம் காணத் தெரிந்தவர்களையே இந்த ஆய்வில் சேர்த்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த முடிவைப் பார்த்து, மருந்துக் கடையில் கிடைக்கும் வலி மாத்திரையை ஆசை வரும்போதெல்லாம் விழுங்கத் தொடங்குவது ஆபத்து. சாதாரண வலி மாத்திரைகளை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மருந்துகளையோ கலவை மாத்திரைகளையோ மாதம் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்தால், மாத்திரையே நாள்தோறும் தலைவலியைக் கொண்டுவரும் நிலை உருவாகலாம். மாதத்தில் பல நாள் வலிப்பவருக்கு வலி வராமல் தடுக்கும் மருந்துகள் தனியே உள்ளன. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்குச் செல்பவர்கள் அந்த நாள்காட்டித் தாளையும் எடுத்துச் சென்றால், கூட்டத்துக்கு நடுவே மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களுக்கு அதுவே பேருதவி.

சில தலைவலிகளுக்கு நாள்காட்டியும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம்: நொடியில் உச்சத்தைத் தொடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், பார்வை இழத்தல், தலையில் அடிபட்டபின் கூடிவரும் வலி, கருவுற்ற காலத்திலோ பிரசவத்துக்குப் பின்னரோ புதிதாக வரும் கடுமையான வலி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் தலைவலியையும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.